கண்ணாடி அலமாரியில் பூட்டியுள்ள தொட்டுப் படிக்கும் புத்தகத்தை வெளியே எடுத்துத் தரக் கோரி

அனுப்புநர்:
ச. உமாதேவி (வயது 17),
த/பெ. சந்திரன்,
அக்ரஹாரம், மைசூரு.

பெறுநர்:
திரு. கிருஷ்ணஸ்வாமி அவர்கள்,
வட்ட நூலக அலுவலர்,
மைசூரு.

பொருள்: எங்கள் தெருமுனைக் கிளை நூலகத்தில் காட்சிக்கு வைத்துள்ள ‘வடிவு கடைக்குப் போகிறாள்’ என்னும் துணிப் புத்தகத்தைப் பிள்ளைகள் தொடவும், வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. முதலில் நான் கவனித்தது தேங்காய் நாரை. கண்ணாடி அலமாரிக்குள் எங்கள் புத்தகம் ஏழாம் பக்கம் திறந்தபடி இருக்கிறது. அந்தப் பக்கத்தில், பக்கத்து வீட்டு வாசலில் கிடக்கும் கால்மிதி வருகிறது. தேங்காய் நாரைப் பிரித்து நானே தைத்தது. பிப்ரவரி மாதம் பார்த்தபோதும் ஒவ்வொரு நாரும் தைத்த அன்று இருந்ததைப் போலவே விறைப்பாக நின்றது. பிள்ளைகளின் கை பட்டிருந்தால் மூன்று மாதத்தில் அது படிந்து மழமழவென்று ஆகியிருக்கும். ஒரு கைகூடப் படவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2. பரிசளிப்பு மேடையில் தாங்கள் என்னிடம் தமிழில் பேசியதால் இம்மனுவைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் சொந்த ஊரான மார்டள்ளியில் தமிழில் படித்தேன். பிறகு மைசூருக்கு வந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அப்பாவுக்குக் கட்டடங்களில் சென்டரிங் வேலை. அம்மா ஊதுபத்தி கம்பெனிக்குப் போகிறார். என் தங்கை வடிவுக்கு வயது பத்து. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. இரண்டு பஸ் மாறிச் செல்ல வேண்டிய அவளுடைய பள்ளிக்கு அவளை அழைத்துப் போக வீட்டில் ஒருவர் தேவைப்பட்டார். மற்ற நேரத்தில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன், பிளவுசுக்கு ஊக்கு வைக்கிறேன். இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. வடிவு வகுப்பில் இரண்டாவதாக வருகிறாள். நான் வைத்த ஊக்கு பிய்ந்துவிட்டது என்று இதுவரை யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

3. சென்ற ஆண்டு, கண் தெரியாத பிள்ளைகளைப் பற்றி நூலகத்தில் என்னென்ன புத்தகங்கள் உள்ளன என்று வடிவு கேட்டாள். தேடியதில் மூன்று கிடைத்தன. மூன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முதல் கதையில் அந்தப் பெண் குழந்தை பக்கத்துக்குப் பக்கம் அழுகிறது. இரண்டாவது கதையில் கடைசிப் பக்கத்தில் பார்வை வந்துவிடுகிறது. “அப்ப பார்வை வராட்டி கதை முடியாதாக்கா?” என்று வடிவு கேட்டாள். மூன்றாவது, கண் நலத்துக்குக் கீரை உண்ண வேண்டும் என்னும் புத்தகம். “நான் தினம் கீரை திங்கிறேனே, அத எழுதின ஆளுக்கு இத யாராச்சும் சொல்லுங்க” என்றாள். நூலகர் திரு. சிவகுமார் அவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, “ஹங்காத்ரெ நீவே பரீரி” என்றார். அப்படியானால் நீங்களே எழுதுங்கள் என்று சொன்னார். அவர் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். நாங்கள் அன்று மாலையே தொடங்கிவிட்டோம்.

4. கதை வடிவினுடையது. எங்கள் வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குத் தனியாகப் போய், தேங்காய் எண்ணெய் வாங்கி வருகிறாள், அவ்வளவுதான். வாசற்படிக்கு உப்புத்தாள் ஒட்டினேன். சாக்கடை மேலுள்ள கற்பலகைக்கு இரண்டு அட்டைகளை இடைவெளி விட்டு வைத்துத் தைத்தேன். அந்த இடைவெளியில் விரல் இறங்கும். கடை என்பதற்கு ஒரு பாட்டில் மூடி, திருகினால் திறக்கும். நடுவில் ஒரு பூனை வருகிறது. பஞ்சு வைத்து வெல்வெட்டில் தைத்துக் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, “இது பூனையா, தலகாணியா? பூனைக்கு உள்ள எலும்பு தட்டும்க்கா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். துணியைப் பிரித்து உள்ளே தீக்குச்சிகளை வைத்துத் தைத்தேன். “இப்ப பூனை” என்றாள். இப்படி அவள் திருப்பிக் கொடுக்காத பக்கம் ஒன்றுகூடக் கிடையாது.

5. எழுத்துகள் தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாக உள்ளன. கன்னட வரிகளைத் திரு. சிவகுமார் அவர்கள் திருத்திக் கொடுத்தார். பிரெயில் புள்ளிகளைக் கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் வடிவே குத்தினாள். கடைசிப் பக்கம் வீட்டாருக்கு. வடிவு சொல்லச் சொல்ல எழுதியது. “கட்டிலையோ குடத்தையோ இடம் மாற்றினால் சொல்லுங்கள். பக்கத்தில் வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன். விழுந்தால் எழுந்துகொள்வேன், கூச்சல் போடாதீர்கள். ஐயோ பாவம் என்பதை வேறு தெருவுக்குப் போய்ச் சொல்லுங்கள்.” கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் சம்மதிக்கவில்லை.

6. நவம்பர் 14 அன்று நூலகத்தில் நடந்த கைவினைப் புத்தகப் போட்டியில் இதற்கு முதல் பரிசு தந்தீர்கள். மேடையில் என்னைப் பேசச் சொன்னபோது வடிவை முன்னே அனுப்பினேன், அவள்தான் பேசினாள். “இது விலைமதிக்க முடியாத புஸ்தகம், ஒரு கீறல் விழக்கூடாது” என்று கூறி, கேடயங்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் அதை வைக்கத் தாங்களே உத்தரவிட்டீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா அன்று கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்தார்; அலமாரி முன் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதனால் இது தவறு என்று எனக்கே உடனே தோன்றவில்லை. இந்தப் புகாரில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

7. அலமாரியில் “முட்டபேடி” என்று கன்னடத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. தொடாதீர்கள் என்று பொருள். கீழே எட்டாம் பத்தியில் கூறியுள்ள நாளுக்குப் பிறகு நான் கேட்டபோது, சாவி தங்கள் அலுவலகத்தில் இருப்பதாகவும், எழுத்துப்பூர்வமாகக் கேட்டால்தான் திறக்க முடியும் என்றும் திரு. சிவகுமார் அவர்கள் தெரிவித்தார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, தினமும் அங்கே செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் திரு. செந்தில்நாதன் அவர்கள் குறுக்கிட்டார். “பரிசு வாங்கின புஸ்தகத்த யாராவது கண்ட பசங்க கையில குடுப்பாங்களாம்மா? ஒன் புஸ்தகத்தோட மரியாத ஒனக்கே தெரியலையே” என்றார். அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்: மரியாதை தெரியும். கை பட்டு நார் படிந்து, பூனையின் வெல்வெட் தேய்ந்து, எண்ணெய்க் கறையோடு இருந்தால்தான் அந்தப் புத்தகத்துக்கு மரியாதை.

8. இம்மனுவை எழுத வைத்தது பிப்ரவரி 21, சனிக்கிழமை நடந்தது. கோயில் வாசலில் பூ விற்கும் லிங்கம்மா என்பவருக்குப் பிரதிபா என்று ஐந்து வயது மகள். அவளுக்கும் பார்வை இல்லை. வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். லிங்கம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை. மகள் எங்காவது இடித்துக்கொள்வாள் என்று பயந்து, வீட்டுக்குள்கூட இடுப்பிலேயே வைத்திருக்கிறார். பூக்கட்டும்போதும் மடியில்தான். குழந்தையின் உள்ளங்காலை நான் தொட்டுப் பார்த்தேன். பிறந்த குழந்தையின் கால் போல மெத்தென்று இருந்தது. தரையைச் சரியாக அறியாத கால். வடிவுதான் அவர்களிடம், “நூலகத்துல நம்ம புஸ்தகம் இருக்கு, போய்ப் படிங்க. நான் எப்படித் தனியா கடைக்குப் போறேன்னு அதுல எல்லாம் இருக்கு” என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவைத்தாள். கேட்டால் அலமாரியைத் திறந்து தருவார்கள் என்று நம்பி நானும் கூடப் போனேன்.

9. லிங்கம்மா மகளை அலமாரி முன் இறக்கி நிறுத்தி, இதுதான் புத்தகம் என்றார். பிரதிபா இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து மேலும் கீழும் தடவினாள். பிறகு அம்மாவிடம், “புஸ்தக தண்ணகிதே” என்றாள். புத்தகம் சில்லென்று இருக்கிறது என்று சொன்னாள். லிங்கம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இதெல்லாம் நம்ம மாதிரிக் குழந்தைகளுக்கு இல்ல போலிருக்கு” என்று கன்னடத்தில் என்னிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். ஐயா, அந்தப் புத்தகத்தை நாங்கள் செய்ததே அவளைப் போன்ற குழந்தைகளுக்காகத்தான். அவளுக்குத் தெரிந்த முதல் புத்தகம் ஒரு கண்ணாடித் தகடாக ஆகிவிட்டது. அன்று வீட்டில் வடிவு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

10. ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். படுக்கவைத்து மேலே வேறு புத்தகங்களை அடுக்கக் கூடாது. புள்ளிகள் அமுங்கிவிடும், நிறுத்தித்தான் வைக்க வேண்டும். மற்றப் புத்தகங்களைப் போல இதற்கும் ஓர் எண் கொடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல விட வேண்டும். கடைசிப் பக்கம் வீட்டாருக்கு என்பதால், அது வீட்டில் இருந்து படிக்கப்பட வேண்டியது. ஏதாவது பிய்ந்தால் எடுத்துச் சென்றவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். எங்கள் வீடு நூலகத்திலிருந்து ஆறாவது வீடு. கொடுத்தனுப்பினால் மறுநாளே தைத்துத் தருவேன். எத்தனை முறை வேண்டுமானாலும் தைப்பேன்.

11. அலமாரியில் காலியாகும் இடத்தில் பரிசுச் சான்றிதழை வைத்துக்கொள்ளலாம். அதை யாரும் தொட வேண்டிய தேவை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளைப் பற்றித் துறை புதிதாகப் புத்தகங்கள் வாங்கும்போது, வாங்கும் முன் அவற்றை வடிவுக்குப் படித்துக் காட்ட அனுமதி தந்தாலும் நன்றியுடையவளாக இருப்பேன். எது குப்பை என்று அவள் தயங்காமல் சொல்லிவிடுவாள்.

12. தாங்கள் எங்களைக் கௌரவிக்கவே அவ்வாறு செய்தீர்கள் என்று அறிவேன். அந்த எண்ணத்தை நாங்கள் மறக்கவில்லை. அது பலிக்கவே இதைக் கேட்கிறேன். பள்ளிச் சேர்க்கை தொடங்கும் முன், இந்த மாதத்துக்குள்ளாகவே, பிரதிபாவின் கையில் புத்தகம் கிடைக்கச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

13. இப்பத்தியை அசலில் மட்டும் பின்னர் சேர்த்துள்ளேன். இம்மனுவின் நகலை இன்று காலை திரு. சிவகுமார் அவர்களிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன். அசலை வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தங்களிடம் நேரில் தருகிறேன். இம்முறை நானே பேசுவேன். முத்திரை வாங்கிய கையோடு கோயில் வாசலுக்குச் சென்று, லிங்கம்மாவையும் மகளோடு அலுவலகத்துக்கு வருமாறு அழைத்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை பிரதிபாவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரட்டும் என்று சொன்னேன்.

இடம்: மைசூரு
நாள்: 10.03.2026

தங்கள் நூலகத்தின் வாசகி,
ச. உமாதேவி