இப்போது வேலை மாற மாட்டார்

இன்று காலை நீதான் முதல் ஆள். கச்சிபௌலி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, வேலைவாய்ப்புத் தளத்தில் 'டெஸ்டிங், ஹைதராபாத்' என்று தேடினேன். எல்லோருக்கும் மேலே உன் பெயர். பக்கத்தில் 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்றிருந்தது. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷமாகிறதே!

இந்த வித்தையை எனக்குச் சொன்னதே நீதான். அமீர்பேட்டை அறையில் நாம் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்கள். "ஆள் எடுக்கிறவன் சோம்பேறிடா. முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டான். தினம் காலைல ரெஸ்யூம்ல ஒரு புள்ளியை எடு, மறுநாள் வை. புதுசுன்னு நினைச்சு சைட் உன்னை மேல தூக்கி வச்சிடும்" என்றாய். என் ரெஸ்யூமைப் படித்துவிட்டுச் சிரித்தாயே ஒரு சிரிப்பு, நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. "உங்கப்பா போஸ்ட் ஆபீஸ்ல இருந்தா கம்பெனிக்கு என்னடா? உயரம், எடை எல்லாம் எதுக்கு, பொண்ணு பார்க்கவா வர்றாங்க?" பாதியை அடித்துத் தள்ளினாய். "வேலை பார்த்தேன்னு எழுதாதே. உன்னால என்ன மாறுச்சுன்னு எழுது." அந்த ரெஸ்யூமில்தான் எனக்கு வேலை கிடைத்தது. கடைசியில் நானே ஆள் எடுக்கிற சோம்பேறியாகவும் ஆனேன்.

மழையில் உன் பைக் சறுக்கியதற்கு மறுநாள், உன்னைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். அதனால் முதலில் இது தளத்தின் கோளாறு என்றுதான் நினைத்தேன். திறந்து பார்த்தால், எட்டு வருட அனுபவம் பத்து ஆகியிருந்தது. நீ இருந்தபோது வெளிவராத ஒரு மென்பொருளை நீ கற்றிருந்தாய். பயந்துவிட்டேன்டா. பட்டப்பகலில், சுற்றி இத்தனை பேர் இருக்கும்போதே பயந்துவிட்டேன்.

போலி ரெஸ்யூம் கண்ணில் பட்டால் புகார் கொடுத்து நீக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஒரு பட்டனை அழுத்தினால் நீ இருக்க மாட்டாய். அழுத்துவதற்கு முன் அதிலிருந்த உன் பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. உன் மனைவி விமலா எடுத்தாள். ரெஸ்யூமை யார் மாற்றுவது என்று கேட்டேன்.

"ஹவ் அண்ணா, ஆமா, நான்தான் மாத்துறேன்" என்றாள் சாதாரணமாக. "ஷிஃப்டுக்குக் கிளம்புற அவசரத்துல என்னைத்தானே மாத்தச் சொல்வாரு. அந்தப் பழக்கத்தை விட முடியலை."

"யாராவது இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டா?"

"நிறைய பேர் கூப்பிடுறாங்க. இருக்கிற இடத்துல நல்லா இருக்காரு, இப்ப மாற மாட்டாருன்னு சொல்லிடுவேன்."

"இதை நிறுத்திடும்மா" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"நக்கோ அண்ணா, வேண்டாம்! விட்டுட்டா பின்னாடி பக்கத்துக்குப் போயிடுவாரு. அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்?"

பிறகு அவளே கேட்டாள்: "இருந்திருந்தா இந்நேரம் அவருக்கு ப்ரமோஷன் வந்திருக்குமா அண்ணா? என்னன்னு போடட்டும்?"

ரெஸ்யூமில் பொய் எழுதுகிறவர்களைக் கண்டபடி திட்டி அனுப்புகிறவன் நான். "டீம் லீட்னு போடும்மா" என்றேன். அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"அடுத்த வருஷத்துக்கும் யோசிச்சு வைங்க அண்ணா" என்று போனை வைத்தாள்.

அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னை அமெரிக்கா அனுப்பலாமா என்று பார்த்தேன். வேண்டாம்டா, விமலா தனியாகிவிடுவாள்.