வால் பக்கமாகப் போகவும்

மாசி 3, திங்கள்

காலையில் பனி. ஓடுபாதையின் கிழக்கு ஓரம் புல் வெட்டினேன். மிச்சம் நாளைக்கு.

சனிக்கிழமை விமானப் பள்ளியில் ஆண்டு விழா. வேலைக்காரர்களுக்குச் சின்ன விமானத்தில் ஆளுக்கொரு சுற்று. வீட்டுக்காரி பாவாயியையும் கூட்டிப் போகலாம். ஆனால் எப்படி இறங்குவது என்று எழுதிய அட்டையை அவரவரே படிக்க வேண்டும். அதன்படி பழைய விமானத்திலிருந்து இறங்கியும் காட்ட வேண்டும். மேலே இன்ஜின் நின்றுவிட்டால் ஏதாவது சோளக்காட்டில் இறக்குவார்களாம், அதற்காக.

போன வருஷமும் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் புல் வெட்டப் போனேன். மறுவாரம் எழுத்துப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்தேன்.

இன்று படித்தேன். ஐந்து வரி. நானே.

பெல்ட்டை இறுக்கவும்.
தரை தொடும் முன் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கவும். (அடிபட்டு நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளுமாம்.)
முழுதாக நிற்கும்வரை பெல்ட்டைக் கழற்றக் கூடாது.
காதில் மாட்டியதைக் கழற்றவும்.
வால் பக்கமாகப் போகவும். முன்பக்கம் விசிறி.

பாவாயியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "மூணாவது தடவ படிச்சா நான் எந்திரிச்சு ஓடீருவேனுங்க" என்றாள்.

பாவாயி என்று எழுத நேரமாகிறது. இனி பா.

மாசி 4, செவ்வாய்

வெயில். புல் முடிந்தது. பா. கொள்ளுப் பருப்பு கடைந்தாள்.

பழைய விமானம் கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறது. இறக்கையில் காக்கை எச்சம். உள்ளே நான் முன்பு ஓட்டிய லாரியின் கேபினில் பாதிதான் இடம். வலப்பக்கம் உட்கார்ந்தேன், கைக்குப் பழகிய பக்கம். சொல்லிக்கொடுக்கிற கேப்டன் எருமப்பட்டிப் பெண். வெளியே கடிகாரத்தோடு நின்றது.

"எறங்குங்க அப்பாரு!"

பெல்ட், காது, கதவு, எல்லாம் சரி. குதித்தேன். குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சக்கரம் உருளாமல் அண்டை கொடுத்தேன். அப்புறம் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கக் கதவுக்குப் போனேன்.

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டது. "கல்லு வச்சீங்க, செரி. அப்பறம் விசிறிக்குள்ளாறயே போறீங்களே! அங்க என்னங்க வேல?"

தெரியவில்லை அம்மிணி என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

மாசி 6, வியாழன்

மேகம். முட்டி வலி.

மூன்று தடவை இறங்கினேன். மூன்று தடவையும் கால் முன்பக்கமே போனது. கல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்பாரு, மனசு வருத்தப்படாதீங்க. நாளைக்கும் முன்னாடி போனீங்கன்னா உங்களை ஏத்த மாட்டேன். மேல போறது பெருசில்லீங்க, எறங்குறதுதான்."

சைக்கிளில் வரும்போது, கரும்பு லாரி ஒன்று தாண்டிப் போன வாசத்தில், தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிது. மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஓட்டினேன். பா. சோற்றுப் போசியோடு கூடவே வருவாள். இடப்பக்கக் கதவின் உள்கைப்பிடி கெட்டது. வெளியிலிருந்துதான் திறக்கும். எங்கே நிறுத்தினாலும் நான் குதித்து, கல் வைத்து, மூக்கைச் சுற்றிப் போய்த் திறந்துவிட்டால்தான் அவள் இறங்குவாள். கல் முதலில். பா. அடுத்து. ஆலை வாசலில் வரிசை ஒரு நாள் முழுக்க நிற்கும். லாரி நிழலில் சோறு. பாகு காய்ச்சும் வாசம். அவள் தலையில் கரும்புச் சருகு. எடுத்துவிட மாட்டேன், அழகாக இருக்கும்.

அந்த லாரி எந்த இரும்புக் கடைக்குப் போனதோ. கால் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பா.விடம் இதைச் சொல்லவில்லை. முன்னால் போனால் ஏற்ற மாட்டார்களாம் என்றேன். "அட்டையப் படிக்கத் தெரிஞ்ச மனுசனுக்குப் பொறத்தால போகத் தெரியலீங்களா?" நாளைக்கு அவளும் வர வேண்டும். அவளும் இறங்கிக் காட்ட வேண்டும்.

மாசி 7, வெள்ளி

காற்று. பா. பச்சைச் சேலை, கொசுவத்தை இறுக்கிச் செருகிக்கொண்டு.

கேப்டன் அவளை ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார வைத்தது. "உங்களுக்கு முந்தி நான் டிரைவராயிட்டேன் பாருங்க" என்று என்னை இடித்தாள். அட்டையை நான் உரக்கப் படித்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"எறங்குங்க!"

பெல்ட். காது. கதவு. குதித்தேன். வால் என்று வாயால் சொன்னேன். கால் முன்பக்கம் ஒரு எட்டு வைத்தது. அந்தப் பக்கம் அவள் அடைபட்டுக் கிடக்கிறாளே, எப்படி விட்டுவிட்டுப் போவது?

"ஏனுங்க! இங்க பொறத்தால வாங்க!"

திரும்பினேன். பா. வாலருகே நிற்கிறாள். இடுப்பில் கை. எனக்கு முந்தி இறங்கிப் போய்விட்டாள். ஓடினேன்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தது. "ஒரு எட்டு தப்பு. ஆனா கூப்பிட்டதும் திரும்பிட்டீங்க. நாளைக்கு அம்மத்தா பின்னாடி இருந்து கூப்பிட்டுக்கட்டும். ரெண்டு பேரும் பாஸ்."

வரும் வழியில் கேட்டேன், கதவு திறக்க எப்போது கற்றாய் என்று.

"இதென்ன வித்தைங்களா? லாரிக் கதவே தெறந்தவ."

"அதுதான் கைப்பிடி கெட்டதாச்சே."

"ரெண்டாம் மாசமே நம்ம கிளீனரு சரி பண்ணிட்டானுங்க. சொல்லாதடான்னு நாந்தான் சொன்னேன்."

"ஏம் புள்ள?"

சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க சுத்திக்கிட்டு வாரது நல்லா இருக்குமுங்க."

மாசி 8, சனி

வெயில், காற்று இல்லை. நல்ல நாள் என்றது கேப்டன்.

நான் முன்னால். அவள் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு, என் சட்டைக் காலரைப் பிடித்தபடி. மேலே போனதும் காலர் லேசானது. "ஏனுங்க, கெணறெல்லாம் சட்டியாட்டம் இருக்குது." ஆட்டுப்பட்டி ஒன்று, அரிசி கொட்டினாற்போல. தெற்கே வெயிலில் ஒரு வெள்ளைக் கோடு. காவிரியா என்று கேட்டேன். இருக்கலாம் என்றது கேப்டன். அப்படியானால் அதன் கரையில் ஆலை.

இறங்கினோம். இன்ஜின் நின்றது. விசிறி நின்றது. கேப்டன் தன் பக்கம் இறங்கி, அவளையும் இறக்கிவிட்டது.

பெல்ட்டைக் கழற்றினேன். காதில் இருந்ததைக் கழற்றினேன். கைப்பிடி நன்றாகத்தான் இருந்தது. கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வால் பக்கமாகச் சுற்றி வந்து பாவாயி திறந்துவிட்டாள்.