கறுப்புப் பொத்தான்

மார்ச் 3

இரட்டைக் கட்டில் விரிப்புகளை இன்று சித்தி நெட்டையோடு மடித்தாள் – உயரமான அவளை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். மூலைகளைப் பிடித்து இழுப்பது, உதறுவது, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்பது – எல்லாம் என்னோடு செய்த மாதிரியேதான். படிப்பு முடித்துச் சும்மா இருந்த என்னை இந்தச் சலவைக்கூடத்துக்கு இழுத்து வந்து, மடிக்கக் கற்றுத் தந்தவள் சித்தி. நான் தலைவர் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் துணி போடும் ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தில் 'இப்படிக்கு' இரண்டு தடவை வந்துவிட்டது.

"அவ உயரத்துக்கு விரிப்பு தரையில படமாட்டேங்குதுடி" என்றாள் சித்தி.

என் உயரத்துக்குப் படும். அதை அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

மார்ச் 5

பழைய முதலாளி இழுத்து மூடிய கூடத்தை நாங்கள் சேர்ந்து எடுத்து, கூட்டுறவுச் சங்கமாக்கினோம். சுவரில் கூட்டுறவின் ஏழு கொள்கைகளையும் நீல பெயின்டில் எழுதியவள் நான். முதல் வரி: விரும்பி வருகிற எவருக்கும் கதவு திறந்திருக்கும்.

போன வருஷம் நெட்டை வந்து நின்றபோது, "இருக்கிற வேலையே பத்தல, இதுல இன்னொருத்தரா?" என்றார் துணி ஏற்றி வரும் எங்கள் வண்டிக்காரர். நான்தான் எழுந்தேன். கதவைச் சாத்தினால் இது சங்கமில்லை, குடும்பக் கடை என்றேன். கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நீராவி பட்டு இப்போது அந்த வரிதான் உரிகிறது.

மார்ச் 9

கூட்டம். ஒரு ஓட்டல் துணி நிறையத் தரத் தயார், ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்ய வேண்டும். கூடாது என்று நான் வெகுநேரம் பேசினேன். உழைப்பு, ஓய்வு, உறுப்பினரின் உரிமை. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

பிறகு நெட்டை, உட்கார்ந்தபடியே: "முதலாளின்னு ஒருத்தர் இருந்து ஞாயித்துக்கிழமை வரச் சொன்னா அவரைத் திட்டிக்கிட்டே வரலாம். இப்ப யாரைத் திட்டறது? கண்ணாடியையா?"

கூடமே சிரித்தது. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டல் வேண்டாம் என்று முடிவாயிற்று.

நானும் அதையேதான் சொன்னேன். அதையேதான். 'தன்னாட்சி' என்ற சொல்லைப் போட்டு.

மார்ச் 10

அவள் தும்மினால்கூட நன்றாக இருக்கிறது.

மார்ச் 14

என் இரண்டாம் தவணை இந்த மாதம் முடிகிறது. இரண்டுக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது – விதியை எழுதியதும் நானே. அதிகாரம் ஓரிடத்தில் தேங்கக் கூடாது என்பதில் அன்று எனக்கு என்ன உறுதி. எனக்கே தேங்கப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

நிற்பது ஒருத்தி மட்டும். நெட்டை.

"ஒரே ஆளு. கையைத் தூக்கிட்டுப் போய் வேலையப் பாப்போமே" என்றார் வண்டிக்காரர். நான் விடவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு, அதுவும் ரகசியமாக. துணிகளிலிருந்து கழன்ற பொத்தான்கள் டப்பா நிறையக் கிடக்கின்றன. ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. சம்மதமானால் தலையணை உறைக்குள் வெள்ளையைப் போடுவது, இல்லையென்றால் கறுப்பை. மிஞ்சுவது வாளிக்குள். யாருக்கும் தெரியாது.

கொள்கைக்காகத்தான் பிடிவாதம் பிடித்தேனா? எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 21

கறுப்பைப் போடத்தான் போனேன். திரைக்குப் பின்னால், உறைக்குப் பக்கத்தில், காலையில் அவள் மடித்த விரிப்புகளின் அடுக்கு. ஓரத்தோடு ஓரம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. நன்றாகத்தான் செய்கிறாள், சனியன். வெள்ளையைப் போட்டேன்.

உறையைக் கவிழ்த்தார்கள். எல்லாம் வெள்ளை. ஒன்று கறுப்பு.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமலிருக்க எல்லோரும் கஷ்டப்பட்டார்கள். "படிச்சவங்க ஓட்டு தனியாத் தெரியுதே" என்றார் வண்டிக்காரர்.

"விடுங்கண்ணே. எனக்கே என் மேல அவ்வளவு நம்பிக்கை கிடையாது" என்றாள் நெட்டை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்பாக. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் போட்டது வெள்ளை என்று சொல்லலாம். சொன்னால், பிடிவாதம் பிடித்து வாங்கிய ரகசியம் என்ன ஆவது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? நான் நம்பமாட்டேன்.

சித்தி இஸ்திரி போடப் போனாள். ஒரு சட்டையைத் தீய்த்துவிட்டாள். அவள் துணி தீய்த்து நான் பார்த்ததேயில்லை.

மார்ச் 22

மத்தியானம் யாரும் என்னோடு உட்காரவில்லை. இல்லை, உட்கார்ந்தார்கள். மழை வருமா என்று பேசினார்கள்.

மார்ச் 24

மேஜையைக் காலி செய்தேன். பேனா, குவளை, சீப்பு. நெட்டை உட்கார்ந்ததும் அவள் முழங்கால் மேஜையில் இடித்தது. கொஞ்சம் சந்தோஷம்.

அவள் மேஜைக்குப் போனதில் விரிப்பு மடிக்க ஆளில்லை. சித்தி ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இழுத்தோம், உதறினோம், நடந்து வந்தோம். மூலையோடு மூலை சேர்ந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"கறுப்பு நான்தான்டி."

விரிப்பு தரையில் பட்டது.

"அவ நல்லவதான். ஆனா நீ உக்காந்த எடத்துல இன்னொருத்தியான்னு வயிறு எரிஞ்சுது. கை அதுவா எடுத்துப் போட்டுடுச்சு."

"அப்புறம் ஏன் எப்பப் பாத்தாலும் அவகூடவே மடிச்ச?"

கேட்க எவ்வளவோ இருந்தது. இதைத்தான் கேட்டேன்.

"நீ மேஜைக்குப் போயிட்டியே. நான் யாரைப் பாத்து மடிக்கிறது?" விரிப்பைத் தரையிலிருந்து எடுத்து உதறினாள். "எல்லாரும் உன்னைச் சந்தேகப்படறது எனக்குத் தாங்கல. போய்ச் சொல்லிடறேன்."

"வேணாம் சித்தி. ரகசியம்னா ரகசியம்தான்."

கொள்கை பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். இல்லை. இங்கே எல்லாமே எல்லோருக்கும் பங்கு. அந்தக் கறுப்புப் பொத்தான் மட்டும் எனக்கு வேண்டும். முழுசாக.

ஏப்ரல் 2

நெட்டை தலைமையில் முதல் கூட்டம். சீக்கிரம் முடிந்தது. நன்றாகவும் இருந்தது – எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிந்ததும் சுவரைக் காட்டினாள். "அந்த மொத வரி உரிஞ்சு போச்சு. நீங்களே எழுதிடுங்களேன். உங்க கையெழுத்து மாதிரி வராது." பிறகு, சிரித்துக்கொண்டே: "கறுப்புல மட்டும் வேணாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தி மட்டும் குனிந்து இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

நீலத்திலேயே எழுதினேன். விரும்பி வருகிற எவருக்கும். நெட்டை ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளே எழுதியிருந்தால் ஏணி தேவைப்பட்டிருக்காது.