பூச்சந்தை அருகே நடந்த மின் ஸ்கூட்டர் விபத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
ஞா. பெர்சி (வயது 44),
பள்ளி அலுவலக எழுத்தர்,
ஆனையூர், மதுரை.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
போக்குவரத்துப் பிரிவு,
மாட்டுத்தாவணி, மதுரை.

பொருள்: 12.03.2025 விபத்து – எனது வாக்குமூலம் உண்மையல்ல – திருத்தி, என் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் புகார் என் மீது நானே கொடுப்பது.

1. நான் தினமும் மின் ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்பவள். சம்பவத்துக்கு முந்தின இரவு வண்டிக்கு சார்ஜ் போட மறந்துவிட்டேன். காலை எட்டரை மணிக்கு மாட்டுத்தாவணி வருவதற்குள் பேட்டரி சிவப்புக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. சுற்றிப் போனால் பள்ளி வரை தாங்காது என்று பயந்து, பூச்சந்தை அருகே எதிர்த்திசையில் வண்டியை விட்டேன்.

2. அப்போது ராக்கம்மாள் (வயது 58) சாலையைக் கடந்தார். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்பவர். பார்வை மங்கி, நிழலாட்டம் மட்டுமே தெரியும். சத்தத்தை வைத்தே சாலையைக் கடப்பவர். அவர் நின்று காது கொடுத்ததை நான் பார்த்தேன். மெதுவாகப் போன என் வண்டியில் சத்தமே இல்லை. ஹாரன் அடித்திருக்கலாம். தவறான பக்கத்தில் வருவதைச் சாலையில் பணியிலிருந்த காவலர் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று அடிக்கவில்லை. வண்டி மோதி ராக்கம்மாள் விழுந்ததில் அவரது வலது மணிக்கட்டு முறிந்தது.

3. மருத்துவமனையில் அவர், “எம்புட்டு நேரம் கேட்டுட்டு நின்னேன், ஒரு சத்தமும் இல்லையே. எம்மேலதான் தப்பு தாயி” என்றார். அதையே நான் சாக்காக எடுத்துக்கொண்டேன். நான் சரியான பாதையில் வந்ததாகவும், அவர் திடீரென்று குறுக்கே வந்ததாகவும் எழுதிக் கொடுத்தேன். அவரும் அதற்கே கைநாட்டு வைத்தார். இருவரும் சொன்னதைத்தான் தங்கள் காவலர் பதிவு செய்தார். அவர் மீது குறையில்லை.

4. நான்கு மாதமாக அந்த அம்மாவைப் பேருந்து நிலையத்தில் காணாததால் சென்ற ஞாயிறு வீடு தேடிப் போனேன். கை கூடிவிட்டது. ஆனால், “கண்ணுதான் போச்சு, இப்பக் காதும் போயிருச்சு” என்று வெளியே இறங்குவதையே விட்டுவிட்டார். வாசலுக்கு வரக்கூட மருமகள் கையைப் பிடிக்கிறார்.

5. நடந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன். ராக்கம்மாள், “அப்ப எங்காது நல்லாத்தான் இருக்கா?” என்று கேட்டார். அவர் மகன் மருது என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். “எங்கம்மா மனசு ஆறட்டும்னு சொல்றீக அக்கா. ஸ்டேஷன்ல எழுதுனது அப்படி இல்லையே” என்றார். மகன் சொன்னதையே அந்த அம்மாவும் நம்பிவிட்டார். நான் எவ்வளவு சொல்லியும் பயனில்லை.

6. ஆகவே, எனது வாக்குமூலத்தை ரத்து செய்து மேற்கண்டதைப் பதிவு செய்யவும், எதிர்த்திசையில் வந்ததற்கும் பொய் சொன்னதற்கும் சட்டப்படி என் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுகிறேன். அழைக்கும் நாளில் நேரில் வருகிறேன். மெதுவாகச் செல்லும்போதும் இவ்வகை வண்டிகள் ஏதாவது ஒலி எழுப்பும்படி செய்ய மேலிடத்துக்குத் தாங்கள் எழுதினால் நல்லது. வேறு வழியின்றி இன்றும் அதே வண்டியில்தான் போகிறேன்.

7. திருத்திய பதிவின் நகல் ஒன்றை மருதுவிடம் கொடுக்க உத்தரவிடுங்கள், ஐயா. நான் சொல்லி நம்பாத அந்த அம்மா, காவல் நிலைய முத்திரையோடு மகன் வாசித்தால் நம்புவார். மறுபடியும் தனியாக நடப்பார்.

இடம்: மதுரை
நாள்: 16.07.2025

தவறிழைத்த மனுதாரர்,
ஞா. பெர்சி