ஆஃப்ரினுக்கு ஒரு பூவரசுக் கட்டில்

என் நூருக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் நீ விடமாட்டாய். "எல்லாரும்னா யாரு, பேர் பேராச் சொல்லு புள்ள" என்பாய். சரி, சொல்கிறேன். என் கயல் தூங்கிவிட்டாள். பக்கத்தில் உன் ஆஃப்ரின் தூங்குகிறாள். பக்கத்தில் என்றால் ஒரே பாயில் இல்லை, அவளுடைய கட்டிலில். அந்தக் கட்டிலைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி அவர்களுக்காக. தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நீ கூத்தாநல்லூர், நான் குடவாசல். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் குடவாசலுக்கே, அதுவும் எங்கள் அடுத்த தெருவுக்கே வந்தாய். உன் மகள் எனக்கும் மகள்தான் என்று நீயே சொல்லி, என்னை அவள் சித்தி முறையில் சாச்சி என்று கூப்பிடப் பழக்கினாய். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

இப்போது ஆஃப்ரின் கூத்தாநல்லூரில் உன் நாத்தனார் சபுரா வீட்டில் இருந்து படிக்கிறாள். அவள் வாப்பா கபூர் அண்ணன் இன்னும் குவைத்தில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபுரா அவளை பஸ்ஸில் கூட்டிவந்து இங்கே விடுவார், ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவார். நன்றாகத்தான் இருக்கிறாள் நூர். உன்னைப் போலவே சாப்பாட்டில் முதலில் அப்பளத்தைத்தான் தின்கிறாள்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது தன் பையை அவளே அடுக்குவாள். ஹேர்கிளிப், ரப்பர் பேண்டு, பாதி தேய்ந்த க்ரேயான், எதையும் விடமாட்டாள். ஒருநாள் கயல் தன் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, "ஆஃபி, நீ இங்க படு" என்றாள். அதற்கு உன் மகள் சொன்ன பதில் இது: "வேணாம் கயல். இது உன் கட்டிலு. நான் கெஸ்ட்டு, பாயில படுத்துக்குறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டும் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, பஸ் டிக்கெட்டில் இருப்பதைப் படிப்பதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை.

"கடையில ஒரு கட்டில் வாங்கிப் போட்டுடலாம், இதுக்குப் போய் ஏன் யோசிக்கிற?" என்றார் கயல் அப்பா. வாங்கியிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போட்ட திட்டம் என்ன? பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி இரண்டு கட்டில், நம் கையால். அதற்காகத்தானே, ஊரில் எல்லோரும் வெளிநாட்டிலிருந்து சென்ட்டும் தைலமும் கேட்க, நீ மட்டும் அண்ணனிடம் டிரில் மெஷின் கேட்டாய்? விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைப் பிரித்து அவரை அரைமணி நேரம் நிற்கவைத்த கதையை அவர் இன்னும் சொல்கிறார்.

அந்த மெஷின் என்னிடம்தான் இருக்கிறது. நாம் செய்த செருப்பு ஸ்டாண்டும் இருக்கிறது. இன்னும் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது. மூலைக்கு மூலை நாம் முடுக்கிய எல் வடிவத் தகடு ஆஃப்ரின் காலைக் கீறியது நினைவிருக்கிறதா? அன்றுதான் நீ அந்த வீடியோவைத் தேடி அனுப்பினாய்: பாக்கெட் ஹோல் ஜிக். ஒரு பலகையில் சாய்வாகத் துளை போட உதவும் சின்ன அச்சு. அந்தச் சாய்ந்த துளை வழியாக ஸ்க்ரூ அடுத்த பலகைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். துளை உள்பக்கம் ஒளிந்துகொள்ளும், வெளியே தகடும் இல்லை, ஆணித் தலையும் இல்லை. பிள்ளைகள் உருண்டு புரண்டாலும் கீறாது.

எதை வாங்குவது என்பதில்தான் நமக்குச் சண்டை. முழுக்க உலோகத்தில் வரும் பெரியதுதான் வேண்டும் என்றாய் நீ. ஒரே துளை உள்ள சின்ன பிளாஸ்டிக் போதும் என்றேன் நான். நீ ஐந்து நட்சத்திர விமர்சனம் மட்டும் படிக்கிறவள். நான் ஒற்றை நட்சத்திரத்தில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறவள். "உனக்குப் பொருள் வாங்கணும்னு ஆசை இல்லடி, பயப்படணும்னு ஆசை" என்று திட்டினாய். அந்தச் சண்டை முடியவேயில்லை.

நீ இல்லாமல் அதை முடிக்க வேண்டியிருந்தது. கயல் பள்ளிக்கூடம் போன பிறகு போனை வைத்துக்கொண்டு உட்கார்வேன். ஒற்றை நட்சத்திரக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்: சின்ன பிளாஸ்டிக்கில் டிரில் பிட் உரசி உரசித் துளையே அகன்றுவிடுகிறது, பிறகு சாய்வு தப்பிவிடுகிறது. சாய்வு தப்பினால் ஸ்க்ரூ முனை மறுபக்கம் எட்டிப்பார்க்கும். பிள்ளை படுக்கிற பக்கம். அதைப் படித்த பிறகு என் பிளாஸ்டிக் தோற்றது. உன் உலோகமோ மேசையில் நிரந்தரமாக முடுக்கிவைக்கிற ஜாதி. நம் வீட்டில் மேசை என்றால் கயல் அப்பா சாப்பிடுகிற மேசை ஒன்றுதான்.

கடைசியில் நடுவில் ஒன்று கண்ணில் பட்டது. உடம்பு பிளாஸ்டிக், ஆனால் டிரில் இறங்குகிற இரண்டு குழாயும் ஸ்டீல். பலகையின் கனத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். பலகையைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் கூடவே வருகிறது, எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று டிரில் பிட்டில் மாட்டும் வளையமும் இருக்கிறது. தலையின் அடி தட்டையாக இருக்கும் ஸ்க்ரூவையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அது பெரிய விஷயம் நூர். திருவாரூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் அந்த ஸ்க்ரூவைக் கேட்டபோது, கடைக்காரர், "எதுக்கும்மா, சீலிங் போடவா?" என்று வேறொன்றை எடுத்து நீட்டினார். அதைப் போட்டால் மரம் பிளந்துவிடும்.

ஆக, பாதி உன் பேச்சு, பாதி என் பேச்சு. ஆர்டர் போட்டுவிட்டு, ரத்து செய்யும் பொத்தானை ஒருமுறைகூட நான் தொடவில்லை. நம்புவாயா?

மரம்? புயலில் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு பூவரசு சாய்ந்தது. அதைத் துண்டு போட்டு, வழக்கம்போலக் குளத்தில் போட்டுவைத்தார்கள் கயல் அப்பாவும் அவர் தம்பியும். தண்ணீரில் கிடந்தால் பால் எல்லாம் இறங்கிவிடும், பூச்சி அரிக்காது. மாசியில் குளத்தில் தண்ணீர் குறைந்ததும் எடுத்து, அறுப்பு மில்லில் பலகை போட்டு வந்தார்கள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பலகையைத் தட்டிப் பார்த்து, "ஊறின மரம், அசையாது" என்று சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆஃப்ரின் வராத வார நாட்களில் வேலை செய்தேன். முதல் துளையை வீண் துண்டில்தான் போட்டேன். சுருள் சுருளாகத் தூள் வந்தது. ஸ்க்ரூவை இறக்கி, மறுபக்கம் உள்ளங்கையால் தடவினேன். வழவழவென்று இருந்தது. அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் தடவினேன். அந்த நேரத்தில் உன் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்டது தெரியுமா? "தடவிக்கிட்டே இரு, பூனை மாதிரி."

கட்டில் நின்றது. ஆடவில்லை, சாயவில்லை. இவர் சுற்றிச் சுற்றி வந்து, "பரவால்லயே! ஆணியே தெரியல" என்றார்.

நீயாக இருந்தால் அன்றே பிள்ளையைப் படுக்கவைத்திருப்பாய். நான் நானாகத்தானே இருக்க முடியும்? அறுவடை முடிந்து கூடத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளில் இரண்டைத் தூக்கிக் கட்டில்மேல் போடச் சொன்னேன்.

"எதுக்கு?"

"பாரம் தாங்குதான்னு பாக்கணும்."

"பாத்தாச்சுல்ல? இறக்கிடவா?"

"கொஞ்ச நாள் இருக்கட்டுங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்தார்கள். இவர் வாசலில் நின்று எல்லோரிடமும், "எங்க வீட்டுல கொள்முதல் நிலையம் தொறந்திருக்கோம். ஈரப்பதம் மட்டும் கொஞ்சம் பாத்துக் கொண்டாங்க" என்றார். ஆஃப்ரின்கூட வெள்ளிக்கிழமை வந்தவள் எட்டிப்பார்த்து, "சாச்சி, நெல்லுக்கா கட்டிலு?" என்று கேட்டுவிட்டுப் பாயை விரித்துக்கொண்டாள். அவளுக்குத்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முடியாமல் போய்விட்டால்?

பங்குனி வெயில் ஏறியது. ஒருநாள் பெருக்கும்போது துடைப்பம் கட்டில் காலில் பட்டது, காலில் ஓர் அசைவு. குனிந்து பார்த்தால், நான் இறுக்கி முடுக்கிய இடத்தில், பலகைக்கும் காலுக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. அடுத்த மூலையிலும் அப்படித்தான். நான்கு மூலையும் வாய் திறந்திருந்தன.

மூட்டைகளை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜிக் சரியில்லை, ஒற்றை நட்சத்திரக்காரர்கள் சொன்னது சரிதான், கடையிலேயே வாங்கியிருக்க வேண்டும் என்று ஏதேதோ புலம்பினேன். இவர் கட்டில்மேல் பரப்பியிருந்த ஒரு பலகையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு மாசியில் மீந்து, மாடியில் வெயிலில் கிடந்த துண்டை எடுத்துவந்து பார்த்தார். மாடித் துண்டு லேசாக இருந்தது.

"வித்யா, ஊறின மரம்னுதானே எல்லாரும் சொன்னாங்க? காஞ்ச மரம்னு யாராவது சொன்னாங்களா?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

"நெல்லை அவிச்சு, காயவெக்காம அப்படியே மில்லுக்குக் கொண்டுபோவியா நீ?"

அவ்வளவுதான் நூர். பிறந்ததிலிருந்து புழுங்கல் சோறு தின்கிறேன். நனைத்தால் காயவைக்க வேண்டும் என்று தெரியாதா எனக்கு? "ஊறின மரம்" என்ற சொல்லே உத்தரவாதம்போலக் கேட்டுக் கேட்டு, குளத்தை விட்டு வந்த மரம் இன்னும் ஈரமாக இருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. அவரும் யோசிக்கவில்லை, தட்டிப் பார்த்த ஒருவரும் யோசிக்கவில்லை. "ஈரப்பதம் பாத்துக் கொண்டாங்கன்னு ஊர் பூரா சொன்னீங்களே, உள்ள ஒரு கட்டிலுக்குப் பாத்தீங்களா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நல்லவேளை, அந்த மூலைகளுக்கு நடுவே கிடந்தது நெல்.

நான் பசை தடவாமல் விட்டிருந்தேன். அது பயத்தில் விட்டது, அறிவால் இல்லை. ஆனால் அதனால் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்றி, கட்டிலை மறுபடியும் பலகையாக்க முடிந்தது. நாம் கைவைத்த எதையும் இதுவரை உடைக்காமல் பிரித்ததில்லை, யோசித்துப் பார். பலகைக்கு நடுவே குச்சி வைத்து, காற்று புகும்படி மாடி அறை நிழலில் அடுக்கினேன். சித்திரை முழுக்க அங்கேயே கிடந்தது. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் ஒரு பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். வைகாசியில் இனிமேல் லேசாகாது என்று தோன்றியதும் இறக்கினேன். இழைத்து, முனைகளைச் சமமாக வெட்டி, பலகையின் கனத்தை மறுபடி அளந்தேன். குறைந்திருந்தது. ஜிக்கை அதற்கேற்ப மாற்றி, பழைய துளைகளை விட்டுத் தள்ளிப் புதிதாகப் போட்டேன். கட்டில் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, ஆஃப்ரினுக்குத் தாராளம்.

மறுபடியும் மூட்டை. மறுபடியும் இவர் வாசலில் கொள்முதல். இந்த முறை மூலைகள் வாயைத் திறக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை வந்தாள். மூட்டையில்லாத கட்டில், அதன்மேல் கயலுடையதைப் போலவே பூப்போட்ட விரிப்பு. வாசற்படியிலேயே நின்றாள்.

"சாச்சி, இது யாரு கட்டிலு?"

"உன்னோடது."

"நான் ஊருக்குப் போனா யாரு படுப்பா?"

"யாரும் படுக்க மாட்டாங்க."

"நெல்லு?"

"நெல்லும்தான்."

நேராகக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறாளோ என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். உன் மகள் அல்லவா? கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "சாச்சி! உள்ள பூரா பொந்து பொந்தா இருக்கு!" அந்தச் சாய்ந்த துளைகளை அடைக்கச் சின்னச் சின்ன மரத் தக்கைகள் ஜிக்கோடு கூடவே வந்திருந்தன. மறந்து, அடைக்காமல் விட்டிருந்தேன். அடைத்துவிடுகிறேன் என்றேன். "அடைக்காதே" என்று ஒரு கத்து. அப்புறம் இரண்டு பிள்ளைகளும் அடியிலேயே குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை சபுரா வந்தார். ஆஃப்ரின் பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"சாமானெல்லாம் எடுத்துக்கிட்டியா? பஸ்ஸுல ஏறினப்புறம் அழக்கூடாது" என்றார் சபுரா.

"எல்லாம் இங்கயே இருக்கட்டும் மாமி. அடுத்த வாரம் வருவேன்ல?" என்றாள். பிறகு கயலைப் பார்த்து விரலை ஆட்டினாள்: "எம் பொந்துல கைய வெச்ச, அவ்ளோதான் நீ."

அவர்கள் போன பிறகு, நான் பெருக்குகிற சாக்கில் குனிந்து பார்த்தேன். ஒரு துளையில் ஹேர்கிளிப். ஒன்றில் புளியங்கொட்டைகள். இன்னொன்றில் அந்தப் பாதி தேய்ந்த க்ரேயான், தலைகீழாக. எதையும் தொடாமல் எழுந்து வந்தேன். நீ பார்த்தாயா, நூர்? எங்கிருந்தாவது?

இன்று மறுபடியும் வெள்ளிக்கிழமை. வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததும் வராததுமாகக் கட்டிலுக்கடியில் போய், எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். பசையை நான் இப்போதும் தடவவில்லை, இனியும் தடவமாட்டேன். அவள் உன் உயரத்துக்கு வளரத்தானே போகிறாள்? கால் எப்போதெல்லாம் கட்டிலைத் தாண்டுகிறதோ, அப்போதெல்லாம் ஸ்க்ரூவைக் கழற்றி, நீளமாக வேறு பலகை போட்டு முடுக்கிக் கொடுப்பேன். நன்றாகக் காய்ந்த பலகை. துளைகளை மட்டும் அடைக்கமாட்டேன்.

உன் மகளின் சாச்சி,
வித்யா