காத்து ஜாஸ்தி அடித்தவன்

இன்று காலை ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரஷர் பார்த்த பயிற்சி டாக்டர், முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றினாள். மாடிப்படி ஏறி வந்த எனக்கு மூச்சுகூட அடங்கவில்லை. காற்றடித்துக்கொண்டே, "தூக்கமெல்லாம் நல்லா வருதா சார்?" என்று விசாரணை வேறு. "சட்டையைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கிறேன், அப்புறம் பாரும்மா" என்றேன். "பரவால்ல சார், பெருசா ஒண்ணும் மாறாது" என்றாள். எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் வந்ததைவிட உன் மேல்தான் அதிகம்.

நானும் அவளைப் போல இருந்தவன்தானே. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். நாம் இருவரும் கள்ளக்குறிச்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டாக்டர்கள். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கச்சிராயபாளையத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக, இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தேன். நூற்றறுபது. வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். "பஸ்ஸு இல்லாட்டி இன்னாங்க, கட்டிலோட தூக்கினு போறோம்" என்று அவள் புருஷனும் அண்ணனும் கட்டிலைத் தூக்கியே விட்டார்கள்.

நீதான் வாசலில் மறித்தாய். அவளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, ஜாக்கெட் கையைத் தளர்த்தி, அவளிடம் பேச்சுக் கொடுக்காதே என்று என்னை வாயை மூடச் சொன்னாய். கால்மணி கழித்து இரண்டு முறை பார்த்தாய். இரண்டு முறையும் நூற்றிருபத்தாறு. காற்றடிப்பதையே வைத்தியம் என்று நினைத்திருந்த அவள், "இந்த டாக்டரு காத்து ஜாஸ்தி அடிச்சிட்டாருங்க, நீங்க கம்மியா அடிச்சி எறக்கிட்டீங்க" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே பல வருஷம் என் மானத்தை வாங்கினாய்.

இவ்வளவு தெரிந்த நீ உனக்கு என்ன செய்தாய்? போனில் கேட்டபோதெல்லாம், "பாத்துக்கினுதான்டா கீறேன், நூத்திமுப்பதுதான்" என்பாய். பக்கவாதம் வந்து நீ போன பிறகுதான் உன் மனைவி சொன்னாள்: "அவரு எங்கண்ணா பாத்தாரு? ரெண்டு வருஷமா அந்தப் பட்டையத் தொட்டதே இல்ல." உன்னை என்னவென்று திட்டுவது?

நீ திருநாவலூரில், நான் உளுந்தூர்பேட்டையில். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உன் கையில் நானே பட்டையைச் சுற்றியிருக்கலாம். வரவில்லை. இப்போதெல்லாம் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், "எப்ப பாத்தது, யாரு பாத்தது?" என்று கேட்டுத் தொல்லை கொடுக்கிறேன். உன்னிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.