மைனாக்களுக்கு இலை போட்ட வாப்பா

786

கோல சிலாங்கூர், மலாயா,
24-3-1952.

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சென்ற வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, கோட்டை மலையின் தூங்குமூஞ்சி மரத்தடியில், பழைய பீரங்கிக்கு அருகே, மைனா ஒன்று பாவா என்பவருடைய புதுத் தொப்பியின்மேல் தன் சொந்த முத்திரையைக் குத்தி, அவரைத் தன் இனத்தாரின் நிரந்தர நண்பராக ஏற்றுக்கொண்டது. தொப்பி துவைக்கப்பட்டது. பதவி அப்படியே இருக்கிறது. (காக்கா, இது உங்கள் தம்பி பாவா. பறவைகளைப் பற்றிய கடிதம் ஒரு காக்காவுக்கே போவது பொருத்தம்தான். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டே சொல்கிறார், நான் எழுதுகிறேன். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில், அவரே எழுதிவிடுவார், ஆனால் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க உங்களுக்குச் சோம்பல். உம்மாவுக்கோ இந்தத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே இரண்டு பேரும் என் பேனாவை நம்பித்தான் ஆகவேண்டும். இனி அடைப்புக்குறிக்குள் பேசுவது நான், மற்றதெல்லாம் உம்மா.)

அருமை மகன் மஸ்தானுக்கு உன் உம்மா சுலைகா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் வாப்பா, உன் தம்பி மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறோம், இந்த வாரம் அப்படிச் சொல்ல முடிவதே அல்லாஹ் எனக்குக் கொடுத்த பெரிய நலம், ஏன் என்று பிறகு சொல்கிறேன், பதறாமல் படி. நீ அங்கே சென்னை வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, கல்லூரிக்குப் போய், உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் ஹாஸ்டல் சோறு வாயில் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய், சோற்றைக் குறை சொல்லாதே மகனே, இங்கே ஒரு பிடி சோறு எங்களைப் படுத்திய பாட்டைக் கேட்டால் நீ பருக்கை மிச்சம் வைக்க மாட்டாய்.

நம் சோற்றுக் கடை நடக்கிறது, முன்போல் இல்லை. இந்த அவசரகாலம் வந்ததிலிருந்து தோட்டத்து சனங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கமிருந்து லோரியில் வந்தாலும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பித் தோட்டத்து முள்வேலிக்குள் போய்விட வேண்டும், அதனால் சாயங்காலம் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. (இது என் வரி, உம்மாவுக்குப் பிடித்துவிட்டது.) முன்பெல்லாம் போகும்போது பிள்ளைகளுக்கென்று ஆளுக்கு ஒரு சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள், இப்போது காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று வழியெல்லாம் சோதனை, பொட்டலம் ஒன்று அகப்பட்டாலும் ஜெயில்தான். ஆகவே பொட்டலம் வாங்க ஆள் இல்லை, தினமும் சட்டியில் சோறு மிஞ்சுகிறது. குறைத்துப் போடுங்களேன் என்றால் உன் வாப்பா கேட்பாரா, பசியோடு வந்த ஒருத்தன் இல்லை என்று திரும்பினால் அது கடையா என்கிறார். மிஞ்சியதைக் கொட்டவும் மனசு வரவில்லை, அல்லாஹ் தந்த பரக்கத்தைக் குப்பையிலே கொட்டச் சொல்றியா சுலைகா என்று என்னிடம் கோபப்பட்டார். அப்புறம் ஒரு நாள் அந்தச் சோற்றை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு கோட்டை மலைக்குப் போனார், மறுநாளும் போனார். என்ன அங்கே என்று கேட்டால் விருந்தாளிகள் என்றார்.

விருந்தாளிகள் யார் என்றால் மைனா, புறா, சிட்டு. பொம்பளைகள் கோழிக்குப் போடுகிற மாதிரி தரையில் இறைத்துவிட்டு வர வேண்டியதுதானே, மாட்டார். சோறு மண்ணில் படக்கூடாதாம், வாழை இலையை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோறு வைத்து, வெறும் சோறு வைப்பது மரியாதை இல்லை என்று ஓரத்தில் கொஞ்சம் பருப்பும் வைத்திருக்கிறார் மனுஷர். அவை சாப்பிட்டு முடிக்கிறவரை பீரங்கிமேல் உட்கார்ந்து பார்ப்பது. கலங்கரை விளக்குக் காவல்காரர் செல்லையா இரக்கப்பட்டுத் தன் தூரக்கண்ணாடியை இரவல் கொடுத்துவிட்டார், அப்புறம் கேட்கவா வேண்டும், வீட்டுக்கு வந்தால் பறவைப் பேச்சுதான். மாங்குயிலுக்குக் கண்ணில் சுர்மா போட்டிருக்கிறது என்பார். வெள்ளை வயிற்றுக் கடல் கழுகு ஆணும் பெண்ணும் ஒரே குச்சியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கூடு கட்டுகின்றன, நாம் கடை வைத்தது போலவே இருக்கிறது என்பார். ஆற்று முகத்துச் சேற்றில் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாய் மேய்கின்றனவாம், சேறும் அவையும் ஒரே நிறமாம், அசைந்தால்தான் தெரியுமாம். (உள்ளான் எங்கே உள்ளான் என்று தேடவே வாப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.) நம் ஊரில் வசந்தம் என்று ஒரு காலம் ஏது, வெயில் இல்லாவிட்டால் மழை. ஆனால் வடக்கே பனி உருகுகிற சேதி இந்தச் சேற்றில் நிற்கிற பறவைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, இந்த மாதம் பிறந்ததும் நெஞ்செல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறி, இரவும் பகலுமாய்த் தின்று கொழுத்து, ஒரு நாள் எல்லாம் சேர்ந்து எழும்பிவிடும். கூட்டம் திரும்புகிறபோது வெள்ளையாய் மின்னி, மறுபடி திரும்பினால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், வண்ணான் வேட்டியை உதறுவது மாதிரி. மாடிச் சன்னலிலிருந்து நானும் பார்த்தேன் மஸ்தான், சமையலை மறந்துவிட்டு நின்றுவிட்டேன். கைப்பிடி அளவு உடம்பு, பாஸ்போட்டும் இல்லை, ஐ.சி. கார்டும் இல்லை, எந்தத் துரையிடமும் கேட்காமல் உலகத்தின் அந்த மூலைக்குப் போகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் மலையில் ரோந்து போன போலீஸ்காரர்கள் தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் ஒரு குவியல் வாழை இலையைக் கண்டிருக்கிறார்கள். எல்லாம் சாப்பிட்ட இலை, எல்லாம் ஒழுங்காக மடித்த இலை. உன் வாப்பாவின் வேலை, விருந்தாளி எழுந்து போனதும் இலையை மடித்து எடுத்து ஓரமாய் வைக்காமல் அவரால் இருக்க முடியுமா, கடைக்காரக் கை. பறவை தின்ற இலை என்று சொன்னால் யார் நம்புவார்கள். தினம் நம் கடையில் டீ குடிக்கிற சார்ஜனே காட்டு ஆட்களுக்குச் சோறு போட்டதாகச் சொல்லி, தூரக்கண்ணாடியும் கையுமாக அவரைப் பிடித்துக்கொண்டு போனார். மாமாக், பறவைக்குச் சோறு போட்டேன் என்கிறாய், சரி, எந்தப் பறவைக்கு இலை மடிக்கத் தெரியும், புரோங் மானா பண்டாய் லிப்பாட் டாவுன் என்று மலாயில் கேட்டாராம். உன் வாப்பா நான்தான் மடித்தேன் என்று சொன்னதற்கு, அடுத்தவன் தின்ற இலையை எந்த முதலாளியாவது மலை ஏறி வந்து மடிப்பானா என்றார்களாம்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் மொழி பெயர்க்கிற சிவானந்தம் கடைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டே, அக்கா, கேஸ் பேப்பர் நாளைக்குக் கோலாலம்பூர் போயிடும் லா, போச்சுன்னா மொதல்ல கேம்ப், அப்புறம் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிச்சிருவாங்க, அதுக்குள்ள யாராச்சும் வந்து ஸ்டேஷன் வெள்ளைக்காரத் தொரைகிட்ட பேசிப் பாருங்க என்றான். நாகப்பட்டினத்தில் இறக்கினால் நீ வந்து கூட்டிப்போவாய், அது இருக்கட்டும், ஒரு தடவை அனுப்பிவிட்டால் திரும்பி வர விட மாட்டார்களாம். இந்தக் கடையும் அடுப்பும் அவர் இரண்டு கையால் கட்டியது, அவர் அங்கே நாங்கள் இங்கே என்று ஆகிவிட்டால் என்ன செய்வது.

அப்போதுதான் உன் தம்பி பாவா எழுந்தான். அழகிலும் அறிவிலும் இந்த ஜில்லாவில் அவனுக்கு ஈடு இல்லை என்பது உனக்குத் தெரிந்ததே. (உம்மாவின் வாய்மொழி, ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை.) நேரே ஸ்டேஷனுக்குப் போய், துரையின் மேசைமுன் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் படபடவென்று பேசி, எங்கள் விருந்தாளிகளை வந்து பாருங்கள், பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள் என்றானாம். துரை அசந்துபோனாராம். அஸர் நேரத்துக்குத் துரை, சார்ஜன், சிவானந்தம் எல்லோரும் மலைக்குப் போக, யாராவது வந்தால் பிடிக்கலாம் என்று புதர்களில் துப்பாக்கியோடு ஆட்களை ஒளித்து வைத்தார்களாம், துப்பாக்கி எல்லாம் ஓர் இலைச் சோற்றைக் குறி பார்த்துக்கொண்டிருக்க, பாவா கொஞ்சமும் அஞ்சாமல் ஒரு விசில் அடித்தானாம், மைனாக்கள் பட்டாளம்போல் வரிசையாக இறங்கி வந்து சாப்பிட்டனவாம். பிறகு இலை மடிக்கிற வழக்கத்தை அவன் இங்கிலீஷில் விளக்கியதைக் கேட்டுத் துரை கை கொடுத்தாராம். மஃரிப் தொழுகைக்குள் உன் வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.

இனி ஒரு பருக்கைகூட மலைக்குப் போகக்கூடாது என்பது உத்தரவு. பறவையைப் பார்க்கலாம், சோறு போடக்கூடாது. வெறுங்கையோடு போய் வருகிறார், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை சுலைகா என்கிறார். சோற்றையும் இப்போது குறைத்துத்தான் வடிக்கிறார். ஸ்டேஷனில் ஓர் இரவு இருந்தது அவருக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருக்கிறது. ஆகையால் நீ பதில் எழுதும்போது போலீஸைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே, உள்ளான்கள் கிளம்பிவிட்டனவா என்று கேட்டு எழுது, அது போதும் அவருக்கு. மெய்தீன் மாமா கப்பலில் வருகிறார், அவரிடம் இரண்டு கைலியும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிட்டிருக்கிறேன், கருவாட்டை ஹாஸ்டலில் பங்கு போட்டுத் தின்று சண்டை வாங்காதே. வெள்ளிக்கிழமை ஜும்மாவைத் தவறவிடாதே. வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் அலையாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல கல்வியையும் தந்து, போன பறவைகள் அடுத்த வருஷம் திரும்புவது போல உன்னையும் எங்கள் கண் முன்னே கொண்டுவந்து நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
உன் உம்மா சுலைகா
(கீழே அரபு எழுத்தில் இருப்பது அவருடைய சொந்தக் கையெழுத்து.)

காக்கா, உம்மா நெத்திலியைக் கழுவ உள்ளே போயிருக்கிறார். தாளில் இன்னும் இடம் இருக்கிறது, எனக்குத்தான் இருப்பே கொள்ளவில்லை.

ஸ்டேஷனுக்கு உம்மா என்னைத்தான் அனுப்பினார், போனேன். வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவர் என்ன வேணும் என்றார். மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். துரை இல்லை என்று உம்மாவிடம் பொய்யும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு கடையின் முன்வாசல் வழியாக இறங்கினார். பகலில் அந்தத் தெருவில் உம்மா நடந்து நான் பார்த்ததே இல்லை, யாருமே பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பின்னால் சோற்றுத் தூக்கைச் சுமந்துகொண்டு போனது மட்டும்தான் என் வேலை. துரையின் மேசைமுன் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: அவுக சோறு போட்டது நெசம். யாருக்குப் போட்டாகன்னு வந்து பாத்துட்டு எழுதுங்க. சிவானந்தம் அதை இங்கிலீஷில் சொன்னான், துரை மலைக்கு வரச் சம்மதித்தார்.

மலையில் விசில் அடித்தது உண்மை. அடித்ததும் மரத்திலிருந்த மைனா எல்லாம் பறந்து போய்விட்டன. சார்ஜன் போதும் வா என்றார். உம்மாதான் என் கையிலிருந்த அகப்பையை வாங்கி, வாப்பா தட்டுவது போலத் தூக்கின் விளிம்பில் தட்டி, இலை போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை, நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அப்புறம் ஒரே ஒரு மைனா வந்தது, வாடகை வசூலிக்க வந்ததுபோல் நடந்து வந்து ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு எல்லாம் வந்தன. தின்று முடித்துப் பறந்தன. உம்மா தன்னை அறியாமலே குனிந்து இலையை மடித்தார். சார்ஜன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, துரை, இலை மடிக்கும் பறவை இதோ இருக்கிறது என்றார். துரை தொப்பியைக் கழற்றினார். இங்கிலீஷே அங்கே பேசப்படவில்லை.

நான் போனதாக எழுதச் சொன்னவர் உம்மாதான். பெத்தவ நான் ஸ்டேஷன் படி ஏறுனேன்னு தெரிஞ்சா புள்ள அங்கே தனியா இருந்து மனசு ஒடஞ்சிருவான், வீட்டு ஆம்பளப் புள்ள போனான்னு இருக்கட்டும் என்றார். விசிலுக்கு மைனா வந்ததும் அழகும் அறிவும் நான் போட்ட தாளிப்பு. ஒரு தயவு செய்யுங்கள் காக்கா. பதிலில் தம்பியைப் பாராட்டி ஒரு வரிகூட எழுதாதீர்கள். உங்கள் கடிதம் வந்தால் அதை உம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டியவன் நான், அந்த வரி வருகிற இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.